துப்பாக்கிக்கு எட்டு போட வேண்டாமா?

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த அப்பா, அம்மா, மகன் மூன்று பேரையும் கொன்றுபோட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்தில் வயதான கணவன் மனைவி இரண்டு பேர் கொல்லப்பட்டது தெரியவந்தது. இரண்டையும் செய்தது ஒரே கும்பல்தான் என்று அதே மே மாதம் போலீஸ் சொன்னது. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் இருந்த ஐந்து மாதம், நம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்போதுதான் அந்தக் கோரிக்கை எழுந்தது. எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள், எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோரிக்கையை நான் கிண்டல் செய்ய வரவில்லை. டவுனில் அபார்ட்மென்டில் வாட்ச்மேன், கேமரா, பக்கத்து வீடு எல்லாம் வைத்துக்கொண்டு "துப்பாக்கிக் கலாச்சாரம்" என்று கட்டுரை எழுதுகிறவர்கள், ஒரு ராத்திரி காங்கேயம் பக்கமோ கொடுமுடி பக்கமோ ஏதாவது ஒரு தோட்டத்தில் படுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த வீடு அரை மைல். நடுவில் தென்னந்தோப்பு, சோளக்காடு. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. வீட்டில் இருப்பது இரண்டு கிழவர்கள், ஒரு நாய், நாலு மாடு. போலீஸ் ஜீப் கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவர்கள் பயம் நியாயமான பயம்.

என் சண்டை வேறு. லைசென்ஸ் கொடு, கொடுக்காதே என்று இரண்டு பக்கமும் கத்தினார்களே, யாராவது ஒருத்தர் "சரி, கொடுத்தால் யார் சொல்லித் தருவது, எத்தனை நாள், எங்கே, யார் பரீட்சை வைப்பது" என்று கேட்டார்களா? எனக்குத் தெரிந்து கேட்கவில்லை. கொடுக்கச் சொன்னவர்களுக்குத் துப்பாக்கி ஒரு தாயத்து மாதிரி, வீட்டில் இருந்தாலே போதும், காப்பாற்றும். கொடுக்கக் கூடாது என்றவர்களுக்கு அது பேய் மாதிரி, பெயரைச் சொன்னாலே ஆகாது. அது ஒரு கருவி, கருவி என்றால் கையாளத் தெரிய வேண்டும் என்ற சாதாரண விஷயம் நடுவில் காணாமல் போய்விட்டது.

கொஞ்சம் அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மணி ஒன்றரை. நாய் குரைக்கிறது. 68 வயதுப் பெரியவர் எழுகிறார். கண்ணாடி எங்கே? டார்ச் எங்கே? துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, பூட்டித்தான் வைத்திருக்க வேண்டும், சாவி எங்கே? எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டா தனியாக இருக்கிறது. இருட்டில் போடுகிறார். கை நடுங்குகிறது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ரிவால்வர். கதவைத் திறக்க மூன்றாவது கை வேண்டும். வெளியே நிழலாக ஒரு உருவம். அது திருடனா, தண்ணி திருப்பிவிட வந்த ஆளுக்காரரா, லேட் பஸ்சில் இறங்கிச் சொல்லாமல் வந்த பேரனா? (பேரன் நானாகவும் இருக்கலாம். நான் அப்படித்தான் சொல்லாமல் போவேன்.) இதை முடிவு செய்ய அவருக்கு இருப்பது இரண்டு நொடி. சுட்டுவிட்டார், குறி தவறியது. அந்தத் தோட்டா எங்கே போகும்? தகரக் கதவோ ஓலைத் தட்டியோ அதை நிறுத்தாது. சின்னதான .22 தோட்டாகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அல்லது சுடவே இல்லை, தயங்கிவிட்டார். கும்பலில் மூன்று பேர். பிடுங்கிக்கொண்டால், வெறும் தடியோடு வந்தவர்கள் துப்பாக்கியோடு அடுத்த தோட்டத்துக்குப் போவார்கள்.

இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பெயர்தான் பயிற்சி. வெளியே போகாமல் உள்ளேயே இருந்து கதவை நோக்கி எங்கே நிற்பது, டார்ச்சை எப்படிப் பிடிப்பது, முதலில் குரல் கொடுப்பது, மனைவி அந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும், அவர் போனில் யாரைக் கூப்பிட வேண்டும், எப்போது சுடவே கூடாது. இதெல்லாம் யாருக்கும் பிறவியில் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அதிலேயே ஒரு ஆச்சரியம். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது முடியாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. மாவட்டம் என்றால் கலெக்டரிடம், கோவை மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். லோக்கல் ஸ்டேஷன் ரிப்போர்ட் போகும். எத்தனை வழக்கு இருக்கிறது, ஆள் எப்படி, உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா என்று தோண்டித் துருவிப் பார்ப்பார்கள். நல்லது. 2016ல் வந்த ஆயுத விதிகளில் பத்தாவது விதி என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கிறது. பத்திரமாகக் கையாள்வது, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைப்பது, எடுத்துச் செல்வது எல்லாம் அதில் வருகிறது. முடித்ததற்கு எஸ்-1 என்று ஒரு படிவச் சான்றிதழ். அதாவது, யாரும் கேட்காத கேள்வியை விதி எழுதியவர்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள்! ஆனால் ஊரில் லைசென்ஸ் பற்றிப் பேசும் பத்துப் பேரிடம் எஸ்-1 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ரயில் பெட்டி நம்பர் என்பார்கள்.

அதே விதிகளில் 32வது இன்னும் சுவாரசியம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துப் போனால் உடம்போடு மாட்டிய உறையிலோ பையிலோ இருக்க வேண்டும், முழுசாக மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்வதற்குத் தனி அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று வருடக்கணக்காகக் கோர்ட்டில் அடித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே விதி! காட்டிக்கொண்டு திரிவதும், கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் வானத்தைப் பார்த்துச் சுடுவதும்தான் குற்றம். 2019 திருத்தத்தில் கொண்டாட்டத்துக்குச் சுட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் பஞ்சாப் பட்டிண்டா பக்கம் கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண் ஒருவர் அப்படிச் சுட்டதில்தான் செத்துப்போனார்.

மறைத்து வைக்கச் சொல்வது சரிதான். ஆனால் அதன் அர்த்தம் என்ன? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் நிற்பவர் சட்டைக்குள் ரிவால்வர் இருந்தால் எனக்குத் தெரியாது. தெரிந்தால் தள்ளி நிற்பேன். தெரியாததால் நிற்க மாட்டேன். அப்படியென்றால் எனக்கும் அந்தக் குண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, அவருக்கு அந்தப் பொருளைக் கையாளத் தெரியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அரசாங்கம் ஜாமீன் போட்டிருக்கிறது. ஜாமீன் போட்டவன் சரக்கைப் பார்த்தானா என்று கேட்பது என் உரிமை. (காமர்ஸ் பையன், இப்படித்தான் யோசிப்பேன்.)

"லைசென்ஸ் வாங்குகிறவர்கள் எல்லாம் பொறுப்பானவர்கள், ரவுடியா என்ன" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இந்த உதாரணங்கள். 2024 அக்டோபர் 1, விடிகாலை. இந்தி நடிகர் கோவிந்தா மும்பை வீட்டில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொந்த ரிவால்வர், லைசென்ஸ் உள்ளது. கை தவறியது, வெடித்தது, குண்டு காலில். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். 2025 ஜனவரியில் லூதியானா எம்.எல்.ஏ. குர்பிரீத் கோகி வீட்டில் சொந்தத் துப்பாக்கி வெடித்து, தலையில் பாய்ந்து இறந்தே போனார். அதுவும் லைசென்ஸ் துப்பாக்கி, தவறுதலாக வெடித்தது என்றுதான் தகவல். நம் ஊர்க்காரர், முன்னாள் எம்.எல்.ஏ., நடிகர் கருணாஸ் 2024 ஜூனில் சென்னை விமான நிலையத்தில் 40 தோட்டாக்கள் இருந்த பையோடு வந்து நின்றார். லைசென்ஸ் இருக்கிறது, பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்றார். விசாரித்து விட்டுவிட்டார்கள். இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. அதுதான் என் பாயிண்டே! கெட்ட எண்ணம் இல்லாதவனைத்தான் போலீஸ் ரிப்போர்ட் வடிகட்டித் தருகிறது. மறதியையும் கை நடுக்கத்தையும் அது வடிகட்டாது.

ஜெஃப் கூப்பர் என்று ஒரு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அதிகாரி இருந்தார். துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு நாலே நாலு விதி சொல்லிவைத்தார். எல்லாத் துப்பாக்கியும் லோடு ஆகித்தான் இருக்கிறது என்று நினை. அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை டிரிக்கரில் விரலை வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு. உலகம் முழுக்க இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். படிக்க ஒரு நிமிடம். ஆனால் பதறும்போது விரல் தானாக டிரிக்கருக்கு வெளியே நிற்க வேண்டும் என்றால் நூறு தடவை, ஆயிரம் தடவை செய்து பழகியிருக்க வேண்டும். சைக்கிளில் பிரேக் பிடிப்பது மாதிரி. புத்தகம் படித்துப் பிரேக் பிடித்தவர் யாராவது உண்டா?

எனக்கு இதில் உள்ள அனுபவம் ரொம்பச் சின்னது. என்.சி.சி. கேம்ப்பில் படுத்துக்கொண்டு .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டிருக்கிறேன். அந்த ஐந்து ரவுண்டுக்கு முன்னால் நாள் கணக்கில் வெறும் ரைபிளை வைத்துப் படுக்கவிட்டார்கள், மூச்சை எப்படிப் பிடிப்பது, தோளில் எங்கே வைப்பது என்று. சுடும் இடத்தில் கட்டளை இல்லாமல் ஒரு விரல் அசைந்தால் திட்டு விழும். முடிந்ததும் காலி கேஸ்களைப் பொறுக்கி எண்ணிக் கணக்குக் கொடுத்த பிறகுதான் நகரவே விட்டார்கள். இத்தனைக்கும் அதை நான் வீட்டுக்கு எடுத்துப் போகப் போவதில்லை! 19 வயதுப் பையன் ஐந்து ரவுண்டு சுட இத்தனை கெடுபிடி. இடுப்பில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகச் சந்தைக்கும் சாவடிக்கும் போகிறவருக்கு அதைவிடக் கம்மியா?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு டி.வி.எஸ். எக்ஸல் ஓட்ட வேண்டுமானால் முதலில் எல்.எல்.ஆர். அதற்கு ஒரு பரீட்சை. அப்புறம் 30 நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் போய்விட்டு அடுத்த தடவை வா. 60 வயதுக்காரர் என்றாலும், 40 வருடமாக வண்டி ஓட்டுகிறேன் என்றாலும், எட்டு எட்டுதான். வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், நாம் யாரையாவது இடித்தால் அவர் குடும்பத்துக்குக் கொடுக்க. துப்பாக்கிக்கு அப்படி ஒரு கட்டாய இன்சூரன்ஸ் இங்கே இல்லை. (அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரம் 2022ல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கியது. துப்பாக்கிக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் நாட்டிலேயே!)

இன்னொரு ஒப்பீடு. 2005ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டத்தின் மாதிரி விதிகளைப் பாருங்கள். ஜவுளிக்கடை வாசலில் தடியோ விசிலோ வைத்துக்கொண்டு நிற்கும் செக்யூரிட்டிக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள். ராணுவத்திலோ போலீசிலோ இருந்து வந்தவர் என்றால்கூட 40 மணி நேரம் வகுப்பு, 16 மணி நேரம் களம். நடைமுறையில் எத்தனை ஏஜென்சி இதைச் செய்கிறது என்பது வேறு கதை. ஆனாலும் ஒரு எண் காகிதத்தில் இருக்கிறது, கேட்டால் காட்டலாம். நியூயார்க்கில் 2022ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தவுடன், அந்த மாநிலம் புதுச் சட்டம் போட்டது. கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் 2 மணி நேரம் உண்மையான தோட்டாவோடு சுட்டுப் பழக வேண்டும். அங்கேயே எதிர்த்திசையில் 2021ல் டெக்சாஸும் 2023ல் ஃபுளோரிடாவும் அனுமதியே வேண்டாம் என்றுவிட்டன. 2024 கணக்குப்படி அப்படி 29 மாநிலங்கள். நாம் எந்தப் பக்கம் போக வேண்டும்?

நம்மிடம் இருக்கும் பெரிய பிரச்சினை இடம். எங்கே போய்ப் பழகுவது? ரைபிள் கிளப் கோவையில் இருக்கிறது, ஆனால் அது போட்டிக்குச் சுடுகிறவர்களின் உலகம். தாராபுரம் பக்கத்து விவசாயி அங்கே போய் என்ன செய்வார்? சொந்தத் தோட்டத்தில் தென்னை மரத்தைக் குறிவைத்துப் பழகலாமா? கூடவே கூடாது. 2021 டிசம்பர் 30ல் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பாதுகாப்புப் படையினர் முறையான தளத்தில் பயிற்சி எடுத்தபோதே குண்டு ஒன்று தப்பி வெளியே போய் 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3ல் அந்தப் பையன் இறந்துபோனான். சம்பளம் வாங்கிக்கொண்டு சுடுகிறவர்கள், கட்டிய தளம், அதிலேயே இப்படி.

அப்புறம் சட்ட அறிவு. "என் வீட்டுக்குள் வந்தான், சுட்டேன், அவ்வளவுதான்" என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை. சூரியன் அஸ்தமித்து உதிப்பதற்குள் வீடு உடைத்து வருபவனை எதிர்க்கும்போது உயிர் போனாலும் குற்றமில்லை என்று 41வது பிரிவு சில நிபந்தனைகளோடு சொல்கிறது. ஆனால் 37வது பிரிவு, தேவைக்கு மேல் காயம் செய்யக் கூடாது, போலீஸ் உதவி தேட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை என்கிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால்? தேங்காய் திருட வந்த பையனைச் சுட்டால்? பாக்கி வாழ்நாள் கோர்ட் வாசலில்தான். சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு இதைக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பினால், அந்தப் பெரியவரைத் திருடனிடமிருந்து காப்பாற்றி ஜெயிலுக்கு அனுப்பியதாக ஆகும்.

இதையெல்லாம் எங்கள் அப்புச்சியிடம் சொன்னேன். அவருக்குத் தோட்டம், சாளை எல்லாம் உண்டு, லைசென்ஸ் ஆசையும் உண்டு.

"ஏங் கண்ணு, நாங்கெல்லாம் மம்முட்டி புடிக்கறதுக்குக் காலேசுக்கா போனோம்? அதும் ஒரு சாமான்தான?" என்றார்.

"மம்முட்டி தவறுனா நம்ம காலுதானுங் அப்புச்சி போகும். இது தவறுனா பக்கத்துத் தோட்டத்து மாமா போயிருவாருங்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் போனாப் போறான், வரப்பத் தள்ளித் தள்ளிப் போடறான்" என்றார். :-)

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பொழி தகராறு என்று நம் பக்கம் வெட்டுக் குத்து வரை போன கதைகள் எல்லோருக்கும் தெரியும். கோபம் வந்த கையில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். 2021 ஜூனில் பரேலியில் மாஸ்க் போடாமல் வந்த வாடிக்கையாளரோடு வாக்குவாதம் முற்றி வங்கிக் காவலாளி ஒருவர் அவரைக் காலில் சுட்டார். மாஸ்க்குக்கு! ஆகவே பயிற்சி என்றால் குறி பார்ப்பது மட்டும் அல்ல, எப்போது துப்பாக்கி வீட்டிலேயே பூட்டிக் கிடக்க வேண்டும் என்பதும் சேர்ந்ததுதான். தண்ணி போடுகிற நாளில் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது வரைக்கும்.

எதிர்த்துக் கேட்கப்படும் கேள்விகளில் பெரியது, "திருடன் பயிற்சி எடுத்துக்கொண்டா வருகிறான்?" என்பது. திருடன் லைசென்சும் எடுப்பதில்லை, அதற்காக லைசென்ஸ் வேண்டாம் என்கிறோமா? அவன் யாரைச் சுட்டாலும் அவனுக்குக் கவலை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் பயிற்சி.

"எங்கள் அப்பன் பாட்டன் காலத்துத் துப்பாக்கி, பரம்பரையாக வைத்திருக்கிறோம்" என்பது அடுத்தது. துப்பாக்கி பரம்பரையாக வரலாம், குறி வராது. அதைவிட ஒன்று. 70 வயது ஆனவரோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தவரோ அதை வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்று 2016 விதிகளே வழி செய்கின்றன. அதாவது அந்த வயதில் கைமாற்றிவிடலாம் என்று விதி நினைக்கிறது. நாம் அதே வயதில் இருப்பவர்களுக்குப் புதிதாகக் கொடுக்கச் சொல்கிறோம். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 70 வயதிலும் கண் தெரிந்து, கை நின்று, சுட்டுக் காட்டினால் தாராளமாகக் கொடுங்கள். காட்டட்டும்.

சிலர் உரிமை என்று பேசுகிறார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கள்ளத் துப்பாக்கிகள் பற்றித் தானாக எடுத்த விஷயத்தில், அமெரிக்கா மாதிரி ஆயுதம் வைத்துக்கொள்ள இங்கே அடிப்படை உரிமை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அரசாங்கம் நம்பித் தருகிற அனுமதி இது. நம்பிக்கைக்கு நிபந்தனை போட அரசாங்கத்துக்கு முழு அதிகாரம் உண்டு. பாதி பேருக்கு இது பாதுகாப்பே இல்லை, கௌரவம் என்பதும் எனக்குத் தெரியும். இடுப்பில் இருப்பது லேசாகத் தெரிகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு வருவதற்குத்தான். அவர்களுக்கு நாலு நாள் வெயிலில் படுத்துப் பழக வேண்டும் என்று விதி வந்தால் பாதி விண்ணப்பம் தானாகக் குறைந்துவிடும்!

கடைசியாக, "இத்தனை பேருக்கு யார் பயிற்சி கொடுப்பது, ஆள் ஏது?" இதற்கு என் பாடத்தில் இருந்தே பதில் சொல்கிறேன். 2016 கடைசியில் உள்துறை அமைச்சகக் கணக்குப்படி நாடு முழுக்க 33 லட்சத்துக்கு மேல் லைசென்ஸ். அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் சுமார் 12.77 லட்சம். தமிழ்நாடு? சுமார் 22 ஆயிரம்தான். 38 மாவட்டத்துக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 580 பேர். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கட்டாயம் சுட்டுக் காட்ட வேண்டும் என்று வைத்தாலும் மாவட்டத்துக்கு வருடத்துக்கு 116 பேர், வாரத்துக்கு இரண்டு மூன்று பேர். அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்கு இரண்டு மடங்கு ஆகியிருந்தாலும் வாரத்துக்கு ஐந்து பேர். ஒரு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு காலையில் எட்டு போடுகிறவர்களைவிடக் கம்மி. உத்தரப் பிரதேசத்துக்குக் கஷ்டம், எனக்குப் புரிகிறது. நமக்கு என்ன சாக்கு?

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயுதப்படை இருக்கிறது, சுடக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊரில் சும்மா இருக்கும் சுபேதார்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர். குறைந்தது 20 மணி நேரம், அதில் பாதி கையில் துப்பாக்கியோடு. இருட்டில் ஒரு தடவை. கூட இருப்பவரும், அதாவது பெரியவரின் மனைவியும் ஒரு நாள் வந்து உட்கார வேண்டும், ஏனென்றால் அந்த ராத்திரியில் அவரும் அதே வீட்டில்தான் இருப்பார். கடைசி நாள் பரீட்சை, தோற்றால் மறுபடி. ஐந்து வருடம் கழித்து மறுபடி. செலவு? 2014ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று நிர்பீக் ரிவால்வர் கொண்டுவந்தபோதே அதன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் பயிற்சிக்கு ஐந்தாயிரம் கட்டலாம். முடியாதவர், ஆனால் உண்மையிலேயே ஒதுக்குப்புறத்தில் இருப்பவர் என்றால் அந்த ஐந்தாயிரத்தை அரசாங்கம் போடட்டும். ஈரோட்டிலும் திருப்பூரிலும் முதலில் ஆரம்பிக்கலாம். துப்பாக்கி கேட்டு மனுவோடு கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவரிடம் "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லி அனுப்புவதற்குப் பதில், மைதானத்துக்கு வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமையை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.